மலையக வானில் நடுவான் மோதலைத் தவிர்ப்பது எப்படி?

இரத்மலானையில் தனியார் விமானி உரிமம் பெற்று, முதல் தடவையாக ஹட்டன், நுவரெலியாப் பக்கம் பறக்க ஆயத்தமாகிறவர்களுக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம். கரையோரத்தில் பழகிய ஒழுங்குகள் மலையிலும் செல்லும். ஆனால் கரையோரத்தில் ஒரு தவறைத் திருத்திக்கொள்ள இடமும் நேரமும் கிடைக்கும். மலையில் அவை இரண்டும் குறைவு. ஆகவே சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையகத்தில் மோதலைத் தவிர்க்கும் வேலை, விமானத்தில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். கண் மட்டும் காப்பாற்றாது. நேரம், பாதை, உயரம், ரேடியோ ஆகிய நான்கையும் ஒழுங்காக வைத்திருப்பவருக்கே கண் கைகொடுக்கும்.

மலையகத்தில் ஆபத்து ஏன் கூடுகிறது?

தேயிலை மலைகளுக்கு மேலே வானம் பரந்து கிடப்பதுபோலத் தெரியும். உண்மையில் எல்லோரும் பறக்கும் வெளி மிகச் சிறியது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

1. நேரம் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கம் முகில் மூடிக் கிடக்கும். வானம் தெளிவாக இருக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலும்கூட, மதியத்துக்குப் பின் மூடுபனியும் மழைமுகிலும் ஏறிவிடும். எல்லா விமானிகளும் காலை வேளையையே தேர்வதால், சில மணி நேரத்துக்குள் நெரிசல் வந்துவிடுகிறது.

2. பாதை குறைவு. கொழும்பிலிருந்து வருகிறவர் அவிசாவளை, கிதுல்கல, கினிகத்தேனை வழியாகக் களனி ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்து ஏறுவார். போகிறவரும் அதே வழியால்தான் இறங்குவார். ஏ7 வீதியும், நாவலப்பிட்டி, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று போகும் ரயில் பாதையும் எல்லோருக்கும் ஒரே அடையாளங்கள்.

3. பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றே. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள், சிவனொளிபாதமலை, சென் கிளயர் நீர்வீழ்ச்சி என்று எல்லோரும் சுற்றுவது ஒரே சில இடங்களைத்தான். காசல்ரீயில் கடல்விமானங்கள் இறங்கி ஏறுகின்றன. அதே நீருக்கு மேலே சுற்றிப் பார்க்க வரும் சிறு விமானமும், வாடகை ஹெலிகொப்டரும் ஒரே நேரத்தில் கூடலாம்.

இப்படியான சூழலில் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டில் உதாரணங்கள் உண்டு. 2019 மே 13 அன்று அலாஸ்காவின் கெச்சிக்கன் அருகே, சுற்றுலாப் பயணிகளோடு வந்த இரண்டு மிதவை விமானங்கள் மோதி 6 பேர் இறந்தனர். 2020 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில், கோர் டலேன் ஏரிக்கு மேலே இரண்டு சிறு விமானங்கள் மோதி 8 பேர் இறந்தனர். இரண்டும் பட்டப்பகலில் நடந்தவை. மலை, நீர், அழகான காட்சி, கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத வான்வெளி என எல்லாம் நம் காசல்ரீயை ஒத்த இடங்கள்.

ஒரே ஒரு கணக்கு: 12.5 விநாடி

இந்த அத்தியாயத்தில் கோட்பாடு என்று நீங்கள் மனத்தில் பதிக்க வேண்டியது இது ஒன்றுதான். எதிரே ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று அறிந்து, அது மோதும் பாதையில் வருகிறது என்று உணர்ந்து, முடிவெடுத்து, கையை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்கும் வரை ஏறத்தாழ 12.5 விநாடி ஆகும் என்று அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் கணக்கிட்டுள்ளது. இதில் மோதும் பாதையை உணர்வதற்கு 5 விநாடி, முடிவெடுப்பதற்கு 4 விநாடி.

இனி அதைத் தூரமாக மாற்றுவோம். நீங்கள் 110 நொட் வேகத்தில் போகிறீர்கள். எதிரே அதே வேகத்தில் ஒரு செஸ்னா 172 வருகிறது. விநாடிக்கு 113 மீற்றர் வீதம் நெருங்குகிறீர்கள். 12.5 விநாடியில் 1.4 கிலோமீற்றர் தீர்ந்துவிடும். அந்தத் தூரத்தில், 11 மீற்றர் இறக்கை அகலமுள்ள அந்த விமானம் முழுநிலவின் அகலம்கூட இராது. அதற்குள் அதைக் கண்டிருக்காவிட்டால் மிச்சம் அதிர்ஷ்டந்தான்.

முன்கண்ணாடி உங்கள் கண்ணிலிருந்து 60 சென்டிமீற்றரில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்த 5 மில்லிமீற்றர் பூச்சிக் கறை ஒன்று போதும், 1.4 கிலோமீற்றரில் வரும் அந்த செஸ்னாவை ஒரு கண்ணுக்கு முழுதாக மறைத்துவிடும். கண்ணாடியின் ஓரத்தூண் 5 சென்டிமீற்றர் அகலம் என்றால், அது ஒவ்வொரு கண்ணுக்கும் 1 கிலோமீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 80 மீற்றர் வானத்தை மறைக்கிறது. கண்ணாடி துடைப்பது பாதுகாப்பு வேலை என்பது இதனால்தான்.

புறப்படுவதற்கு முன்: படிமுறை

1. அறிவித்தல்களைப் படியுங்கள். இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை வெளியிடும் வான்பயணத் தகவல் நூலையும், அன்றைய நோட்டாம் (NOTAM) அறிவித்தல்களையும் பாருங்கள். விமானப்படைப் பயிற்சி, தடைசெய்யப்பட்ட வான்வெளி, ட்ரோன் அனுமதி ஆகியவை மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் படித்ததை நம்ப வேண்டாம்.

2. பறப்புத் திட்டத்தில் பாதையைத் தெளிவாக எழுதுங்கள். "ஹட்டன் பக்கம்" என்பது போதாது. அவிசாவளை, கிதுல்கல, கினிகத்தேனை, காசல்ரீ என்று ஒவ்வோர் இடத்தையும், அங்கே சேரும் நேரத்தையும் குறியுங்கள்.

3. நெரிசல் இடங்களை வரைபடத்தில் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு நிமிடம் முன்னதாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டிய பின் வரைபடம் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது.

4. கண்ணாடியை உள்ளும் புறமும் துடையுங்கள். சுத்தமான மென்துணியும் நிறைய நீரும் போதும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். கீறல் வெயிலில் கண்ணைக் கூச வைக்கும்.

5. இருக்கையைச் சரிசெய்யுங்கள். தாழ உட்கார்ந்தால் மூக்குப் பகுதிக்கு மேலே வரும் விமானம் தெரியாது.

6. ரேடியோவைத் தரையிலேயே சோதியுங்கள். அனுப்புவதும் கேட்பதும் இரண்டும் வேலை செய்கின்றனவா என்று வேறு ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். 2023 ஜனவரி 2 அன்று ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் இரண்டு சுற்றுலா ஹெலிகொப்டர்கள் மோதி 4 பேர் இறந்தனர். புறப்பட்ட ஹெலிகொப்டரின் அழைப்பு மற்றவருக்குப் போய்ச் சேராமைக்கு அன்டெனாப் பழுதே காரணமாக இருக்கலாம் என்று விசாரணை கண்டது.

7. டிரான்ஸ்பாண்டர் உயரத்தையும் அனுப்புகிறதா என்று பாருங்கள். கெச்சிக்கன் விபத்தில் ஒரு விமானத்தின் கருவி உயரத் தகவலை ஒலிபரப்பவில்லை. இரண்டு விமானத்திலும் எச்சரிக்கை ஒலிக்கவில்லை. கருவி பொருத்தியிருந்தால் மட்டும் போதாது. அது முழுதாக வேலை செய்கிறதா என்பதே கேள்வி.

8. பயணிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். விமானத்தின் மூக்கை மணிக்கூட்டின் 12 என்று வைத்து, "இரண்டு மணிப் பக்கம், நமக்கு மேலே" என்று சொல்லப் பழக்குங்கள். "ஏதாவது பறப்பதைக் கண்டால் நான் பேசிக்கொண்டிருந்தாலும் குறுக்கிட்டுச் சொல்லுங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள்.

குறிப்பு: கோல்ட் கோஸ்டில் இறங்க வந்த ஹெலிகொப்டரில் இருந்த பயணி ஒருவர் மற்ற ஹெலிகொப்டரைக் கண்டு விமானியை எச்சரிக்க முயன்றார். அப்போது நேரம் கடந்துவிட்டது. முன்பே பழக்கியிருந்தால்தான் பயணி தயங்காமல் வாய் திறப்பார்.

கண்ணால் துழாவும் முறை

வானத்தை ஒரு வீச்சில் பார்த்தால் கண் எதையும் பிடிக்காது. கண் ஓரிடத்தில் நின்றால்தான் சிறு பொருள் தெரியும். ஆகவே இந்த முறையைப் பழகுங்கள்.

1. கையை நேராக நீட்டி விரல்களை முஷ்டியாக மடக்குங்கள். அந்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. வானத்தை அந்த அகலமுள்ள செங்குத்துத் துண்டுகளாகப் பிரியுங்கள்.

2. நேர் முன்னிருந்து இடப்புறம் 60 பாகை, வலப்புறம் 60 பாகை, அடிவானத்துக்கு மேலும் கீழும் 10 பாகை. இதுவே உங்கள் முதன்மைப் பகுதி.

3. ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது 1 விநாடி கண்ணை நிறுத்துங்கள். 12 துண்டுக்கு 12 விநாடி. மேலே சொன்ன 12.5 விநாடிக் கணக்கோடு இதை ஒப்பிட்டால், உள்ளே கருவிகளைப் பார்க்க எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்பது விளங்கும்.

4. கருவிகளுக்கு 3 அல்லது 4 விநாடிக்கு மேல் கொடுக்காதீர்கள். உடனே வெளியே திரும்புங்கள்.

5. ஓரத்தூணுக்குப் பின்னே பார்க்கத் தலையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணை மட்டும் உருட்டினால் தூண் அதே இடத்தை மறைத்துக்கொண்டே இருக்கும்.

6. திரும்புவதற்கு முன், செஸ்னா போன்ற மேலிறக்கை விமானத்தில் திரும்பும் பக்கத்து இறக்கையைச் சற்று உயர்த்தி அடியில் பாருங்கள். தாழிறக்கை விமானத்தில் இறக்கை கீழ்ப்பக்கத்தை மறைக்கும் என்பதை மறவாதீர்கள். இறங்கும் தாழிறக்கை விமானமும் அதற்குக் கீழே ஏறும் மேலிறக்கை விமானமும் ஒன்றையொன்று காணவே முடியாது.

எது ஆபத்தான புள்ளி? கண்ணாடியில் நகர்ந்து போகும் விமானம் பெரும்பாலும் உங்களைத் தாண்டிப் போகும். ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வரும் புள்ளிதான் மோத வருவது. அசைவு இல்லாததால் கண் அதைத் தவறவிடும். கடைசி விநாடிகளில்தான் திடீரென்று வளரும். அசையாத புள்ளியைக் கண்டால் "தூரத்தில் இருக்கிறது" என்று ஆறுதல் கொள்ளாமல் உடனே திசையை மாற்றுங்கள்.

மலையகத்தில் கண் ஏமாறும் இடங்கள்

- காலைச் சூரியன். ஹட்டனுக்குப் போகும் திசை கிழக்கு. காலை ஏழு, எட்டு மணிக்கு வெயில் நேரே முகத்தில் அடிக்கும். ஹட்டனிலிருந்து திரும்புகிறவர் அந்த வெயிலுக்குள்ளிருந்துதான் வருவார். வெயிலைக் கையால் மறைத்து அதன் இருபக்கமும் துழாவுங்கள். திரும்பி வரும்போது நீங்கள் எதிரே வருபவருக்குத் தெரிய மாட்டீர்கள் என்றே எண்ணி, இறங்கு விளக்கை எரிய விடுங்கள்.
- தேயிலைச் சரிவும் தகர மினுக்கமும். உங்களுக்குக் கீழே பறக்கும் விமானம் பச்சைச் சரிவில் கரைந்துவிடும். லயங்களின் தகரக் கூரையும் தேயிலைத் தொழிற்சாலைக் கூரையும் வெயிலில் மினுங்கிக் கண்ணை இழுக்கும். மினுக்கம் நகர்கிறதா என்று ஒரு விநாடி பார்த்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள்.
- வெண்முகில். வெள்ளை விமானம் முகிலின் முன்னே தெரியாது. முகில் ஓரத்துக்கு மிக அண்மையில் பறந்தால், அதிலிருந்து வெளிவரும் விமானத்தைத் தவிர்க்க நேரம் இராது.
- மூடுபனி. பார்க்கப் பொருள் எதுவும் இல்லாதபோது கண் தானாகவே சில மீற்றர் தூரத்துக்குக் குவிந்துவிடும். சிறிது நேரத்துக்கு ஒரு தடவை தொலைவில் தெரியும் மலை விளிம்பை உற்றுப் பார்த்துக் கண்ணைத் தூரத்துக்குக் குவியுங்கள்.

ரேடியோ ஒழுங்கு

ரேடியோ அலை நேர்கோட்டில் செல்வது. மலைக்குப் பின்னே போகாது. நீங்கள் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் பேசுவது அடுத்த பக்கத்தவருக்குக் கேட்காது. ராடரும் அப்படித்தான்: மலை மறைவில் தாழப் பறக்கும் உங்களைக் கொழும்பு காணாமல் இருக்கலாம். ஆகையால்:

1. கணவாய்க்கு முன் ஒரு தடவை, உச்சியை எட்டும்போது ஒரு தடவை, அடுத்த பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் ஒரு தடவை சொல்லுங்கள். கினிகத்தேனை வளைவுகளில் லொறிச் சாரதி திரும்புமுன் ஹோன் அடிப்பதுபோல, காணுமுன்னே தெரிவிப்பதுதான் நோக்கம்.

2. வரிசை மாறாமல் சொல்லுங்கள்: யார், எங்கே, எந்த உயரத்தில், எங்கே போகிறீர்கள். எல்லோரும் அறிந்த இடப்பெயரையே சொல்லுங்கள். தோட்டத்துப் பிரிவின் பெயர் உங்களுக்குத் தெரியலாம். வெளிநாட்டு விமானிக்குத் தெரியாது.

3. சொன்ன பிறகு கேளுங்கள். சொல்வதைவிடக் கேட்பதற்கு அதிக நேரம் கொடுங்கள். வேறு ஒருவர் அறிவித்தால், அவர் இருக்கும் இடத்தை வரைபடத்தில் விரலால் தொட்டு உறுதிசெய்யுங்கள்.

4. பதில் வராததை "யாரும் இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரேடியோ இல்லாத ட்ரோன் இருக்கலாம். வேறு அலைவரிசையில் ஒருவர் இருக்கலாம்.

உயரம்: கணக்குப் பிழைக்கும் இடம்

சர்வதேச விதிப்படி, தரைக்கோ நீருக்கோ மேலே 3,000 அடிக்கு மேல் கண்பார்வையில் சமமட்டமாகப் பறக்கும்போது, காந்தத் திசை 000 முதல் 179 வரை போகிறவர் ஒற்றை ஆயிரத்தோடு 500 அடியிலும் (5,500, 7,500, 9,500), 180 முதல் 359 வரை போகிறவர் இரட்டை ஆயிரத்தோடு 500 அடியிலும் (4,500, 6,500, 8,500) பறக்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் வேறு உயரம் தந்தால் அதுவே இறுதி.

இதை மலையகத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஹட்டனுக்கு நீங்கள் போவது கிழக்கே. ஆகவே ஒற்றை உயரம். 7,500 அடி நல்ல உயரம்போலத் தோன்றும். ஆனால் சிவனொளிபாதமலையின் உச்சி 7,359 அடி. இடைவெளி 141 அடிதான். பிதுருதாலகல 8,281 அடி. 7,500-இல் போனால் மலைக்குள்ளேயே போவீர்கள். நுவரெலியா நகரமே 6,128 அடியில் இருக்கிறது. உயரத்தைத் தேரும்போது விதியையும் மலையையும் ஒருங்கே பாருங்கள். வானம் திறந்திருந்தால் கிழக்கே போக 9,500 அடியே பொருத்தம்.

முகில் காரணமாகத் தாழ்ந்து பள்ளத்தாக்குக்குள் வந்துவிட்டால் இந்த ஒற்றை, இரட்டை ஒழுங்கு உங்களைக் காக்காது. தரையிலிருந்து 3,000 அடிக்குள் வந்துவிட்டீர்கள். எதிரே வருபவரும் அதே உயரத்தில் இருக்கலாம். அங்கே காப்பது இந்த மூன்றுதான்:

1. பள்ளத்தாக்கின் வலப்பக்கமாகப் பறங்கள். நடுவே பறக்காதீர்கள். வீதி, ரயில் பாதை, ஆறு எதைப் பின்தொடர்ந்தாலும் அதன் வலப்பக்கத்தில் இருங்கள். ஏ7 வீதியில் வாகனம் இடப்பக்கம் போகும். அதற்கு நேரே மேலே வானத்தில் ஒழுங்கு வலப்பக்கம். வாழ்நாள் முழுவதும் இடப்பக்கம் வண்டி ஓட்டிய கை பதற்றத்தில் இடப்பக்கமே திரும்பும். இதைத் தரையிலேயே சொல்லிச் சொல்லிப் பழகுங்கள்.

2. எல்லோருக்கும் ஒரே அழுத்த அளவு. உயரமானியில் கட்டுப்பாட்டாளர் தரும் கியூஎன்எச் அளவை வையுங்கள். 1 ஹெக்டோபாஸ்கல் பிழை ஏறத்தாழ 30 அடி. 10 பிழைத்தால் 300 அடி.

3. தந்த உயரத்தை விடாதீர்கள். 1996 நவம்பர் 12 அன்று இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில் சர்க்கி தாத்ரிக்கு மேலே, சவூதி அரேபிய விமானமும் கஸக்ஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். 15,000 அடியில் நிற்க வேண்டிய விமானம் அதற்குக் கீழே இறங்கியதே காரணம். பெரிய விமானத்துக்கே அந்தக் கதி என்றால் சிறிய விமானத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யார் வழிவிட வேண்டும்?

- நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.
- குறுக்கே வந்தால், உங்கள் வலப்பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும். அவருக்கு முன்னாலோ மேலாலோ கீழாலோ அண்மையில் போகாமல் பின்னால் போங்கள்.
- முந்துகிறவர் வலப்பக்கமாக விலகி முந்த வேண்டும். முந்தப்படுபவருக்கே முன்னுரிமை.
- இறங்க வரும் இருவரில் தாழ இருப்பவருக்கு முன்னுரிமை. ஆனால் அதைப் பயன்படுத்தி மற்றவரின் முன்னே குறுக்கிடக் கூடாது.
- இயந்திர விமானம் பலூனுக்கும் கிளைடருக்கும் வழிவிட வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தம்புள்ளைப் பக்கம் காலையில் வெப்பக்காற்றுப் பலூன்கள் பறக்கும். நுவரெலியாவிலிருந்து வடக்கே போகிறவர்கள் கவனியுங்கள்.

முன்னுரிமை உங்களுக்கு இருந்தாலும் மோதலைத் தவிர்க்கும் பொறுப்பு நீங்காது. மற்றவர் உங்களைக் காணவே இல்லை என்ற எண்ணத்தோடு பறங்கள்.

நீர்த்தேக்கத்துக்கு மேலே: காசல்ரீ

உங்களுடையது சக்கரம் மட்டுமே உள்ள விமானம் என்றால் நீங்கள் காசல்ரீயில் இறங்கப் போவதில்லை. சுற்றிப் பார்க்கவே வருகிறீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் கடல்விமான விமானி. அவர் நீரின் மேற்பரப்பையும், காற்றையும், படகையும் பார்த்துக்கொண்டு இறங்குவார். தலைக்கு மேலே பார்க்க அவருக்கு நேரமில்லை. விலகி நிற்க வேண்டியவர் நீங்கள்.

1. நோர்வூட் பக்கமோ நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கமோ, எந்தப் பக்கத்தால் வருகிறீர்கள் என்று முன்பே அறிவியுங்கள்.
2. நீரின் மட்டத்திலிருந்து கணக்கிட்டு உயரத்தை வையுங்கள். இறங்குபவர் சுற்றும் உயரத்துக்குக் குறைந்தது 1,000 அடி மேலே இருங்கள்.
3. முதலில் ஒரு கரையோரமாக நேராகக் கடந்து, கீழே வெள்ளை நுரைக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். நீரில் நீளமான நுரைக்கோடு கண்டால் ஒருவர் இப்போதுதான் இறங்கினார், அல்லது ஏறப்போகிறார்.
4. சுற்றுவதானால் ஏற்கெனவே சுற்றுபவர் போகும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் ஒருபோதும் வேண்டாம்.
5. ஒரு சுற்று, அதிகம் போனால் இரண்டு. பயணி கேட்டார் என்பதற்காகத் தாழ இறங்காதீர்கள். லக்சபான மின்நிலையத் தொகுதியின் உயர்மின் கம்பிகள் இந்தப் பள்ளத்தாக்குகளைக் குறுக்கே கடக்கின்றன.

இரத்மலானைக்கோ கட்டுக்குருந்தைக்கோ திரும்பி ஓடுபாதைச் சுற்றில் சேரும்போது கவனத்தைத் தளர்த்தாதீர்கள். சிறு விமான மோதல்கள் அதிகம் நடப்பது பகலில், தெளிந்த வானில், ஓடுபாதைக்கு அண்மையில்தான். 2025 ஜூலை 8 அன்று கனடாவின் மனிட்டோபாவில் இரண்டு பயிற்சி விமானிகள் ஒரே ஓடுபாதையில் இறங்க வந்து மோதி உயிரிழந்தார்கள். ஒருவர் கேரளத்து இளைஞர்.

மோதல் நெருங்கிவிட்டால்

1. விமானத்தைக் கண்ணிலிருந்து விடாதீர்கள். கண்டபின் குனிந்து ரேடியோவைத் தேட வேண்டாம். முதலில் விலகுங்கள், பேச்சு பிறகு.
2. நேரே வந்தால் வலப்பக்கம், தயங்காமல் கூர்மையாகத் திரும்புங்கள். அரைகுறைத் திருப்பம் மற்றவரைக் குழப்பும்.
3. திரும்பும் பக்கம் மலை இருக்கிறதா என்று திரும்புமுன் தெரிந்திருக்க வேண்டும். வலப்பக்கம் மலை நெருங்கி, திரும்ப இடமில்லை என்றால் உயரத்தை மாற்றுங்கள்: அவர் ஏறினால் நீங்கள் இறங்குங்கள், அவர் இறங்கினால் நீங்கள் ஏறுங்கள்.
4. வேகத்தை இழக்காதீர்கள். 6,000 அடி உயரத்தில் மானியில் 100 நொட் காட்டினால் உண்மை வேகம் ஏறத்தாழ 112 நொட். அதனால் அதே சரிவில் திரும்பினாலும் திரும்பும் வட்டம் கரையோரத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு பெரிதாகும். திரும்ப இடம் இருக்கும்போதே திரும்புங்கள்.
5. முகிலுக்குள் தப்பி ஓடாதீர்கள். முகிலுக்குள் மலை இருக்கலாம். இந்த மலைகளில் விமானங்கள் விழுந்திருக்கின்றன. 1974 டிசம்பர் 4 அன்று இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிவந்த மார்ட்டின்எயர் விமானம், மஸ்கெலியா அருகே சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தனர். 2020 ஜனவரி 3 அன்று விமானப்படையின் வை-12 விமானம் ஹப்புத்தளையில் விழுந்து நால்வர் இறந்தனர்.
6. தப்பிய பின் மூச்சை நிதானப்படுத்தி, உயரம், திசை, எரிபொருள் மூன்றையும் பார்த்துவிட்டு, நடந்ததை ரேடியோவில் சொல்லுங்கள். இறங்கியதும் எழுத்தில் அறிக்கை கொடுங்கள். மோதாமல் தப்பிய சம்பவத்தின் அறிக்கைதான் அடுத்தவரைக் காப்பாற்றும்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

- "இன்று யாரும் பறக்க மாட்டார்கள்" என்று ரேடியோவைக் குறைத்து வைப்பது.
- டேப்லெட் வரைபடத்தில் தெரியும் விமானங்களை மட்டும் நம்புவது. டிரான்ஸ்பாண்டர் இல்லாதது, மலை மறைவில் இருப்பது எதுவும் அதில் வராது.
- இரண்டு நண்பர்கள் இரண்டு விமானத்தில் அருகருகே பறந்து படம் எடுப்பது. 2011 மார்ச் 1 அன்று நம் விமானப்படையின் இரண்டு கிபிர் விமானங்கள் கம்பஹாவில் அணிவகுப்பு ஒத்திகையின்போது மோதி ஒரு விமானி இறந்தார். அதற்கென்றே பயின்றவர்களுக்கும் நேர்ந்தது அது. பயிற்சி பெறாத நீங்கள் அந்த முயற்சியில் இறங்கவே கூடாது.
- ஒரு விமானத்தைக் கண்டதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பது. இரண்டாவது வேறு பக்கத்தால் வரும்.
- ஏறும்போதும் இறங்கும்போதும் நேர்கோட்டில் போவது. மூக்குக்கு முன்னும் வயிற்றுக்குக் கீழும் பார்க்க, இடையிடையே இலேசாக இடமும் வலமும் திரும்புங்கள்.
- முகில் மூடத் தொடங்கிய பிறகும் "இன்னும் ஐந்து நிமிடம்" என்று நிற்பது. எல்லோரும் அதே இடைவெளியால் ஒரே நேரத்தில் இறங்க முயல்வார்கள்.

முழங்காலில் கட்டிக்கொள்ள ஒரு பட்டியல்

1. கண்ணாடி, இருக்கை, ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் சரி.
2. நோட்டாம் படித்தாயிற்று, நெரிசல் இடங்கள் குறித்தாயிற்று.
3. பயணிகளுக்குச் சொல்லியாயிற்று.
4. கியூஎன்எச் வைத்தாயிற்று, உயரம் மலைக்கும் விதிக்கும் பொருந்துகிறது.
5. விளக்கு எரிகிறது.
6. பள்ளத்தாக்கில் வலப்பக்கம்.
7. கணவாய்க்கு முன் அறிவிப்பு.
8. வெளியே 12 விநாடி, உள்ளே 3 விநாடி.
9. முகில் ஏறுமுன் திரும்பும் நேரம்: ______

ஒன்பதாவதை ஒவ்வொரு பறப்புக்கும் தரையிலேயே நிரப்புங்கள். காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் பறக்கும் பாதைக்கு நேர் கீழே லயங்களும், தோட்டப் பாடசாலைகளும், கொழுந்து பறிக்கும் மலைகளும் இருக்கின்றன. வானத்தில் இரண்டு பேர் கவனிக்காமல் விட்டால், உரிமமும் இல்லாமல், தெரிவும் இல்லாமல், கீழே நிற்பவர்களும் விலை கொடுக்க நேரும். முதல் ஐந்து வரிகளும் ஒன்பதாவதும் நிரம்பிய பின் மட்டும் புறப்படுங்கள். அவற்றில் ஒன்றாவது வெறுமையாக இருந்தால், அன்று பறக்க வேண்டாம்.